தொட்டுணரும் அருள்

அன்பு முதிர்ந்த நிலையை அருள் என்கிறோம். அவ்வுணர்வைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பிற சொற்களைச் சற்று நின்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பிறர் துன்பம் கண்டு இரங்குவது கண்ணோட்டம். திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அது கண்ணின் தொழிலிலிருந்து பிறந்த சொல். தண்ணளி என்பதில் உள்ள தண்மையை அறிவது தோல். ஈர நெஞ்சம், கனிந்த மொழி, உருகும் உள்ளம் ஆகிய வழக்குகளிலும் தொடுதலும் சுவைத்தலும் கலந்தே நிற்கின்றன. இரக்கம் என்பது வெறும் கருத்தன்று, உடலில் நிகழும் மாற்றம் என்று எண்ணுவதற்கு இச்சொற்கள் இடந்தருகின்றன.

இன்று குழந்தைகளுக்கு அருளைக் கற்பிக்கும் முறையோ வேறாக இருக்கிறது. உயிர்களிடம் அன்பு காட்ட வேண்டும் என்று ஐந்து வயதுக் குழந்தை ஒப்புவிக்கிறது. பத்து முறை எழுதியும் காட்டுகிறது. மாலையில் வேலியோரத்தில் தும்பியைப் பிடித்து, அதன் வாலில் நூலைக் கட்டிப் பறக்கவிடுகிறது. படித்த பாடத்துக்கும் கட்டிய நூலுக்கும் இடையே எந்த முரணும் அதற்குத் தெரிவதில்லை. பாடம் செவியோடு நின்றுவிட்டது. தும்பியோ கையில் இருக்கிறது.

அதைக் கண்டு முதுகில் ஓர் அடி வைக்கும் பெரியவர்கள், வலியவர் எளியவரை வருத்தலாம் என்னும் பாடத்தையே அவ்வடியால் நடத்திவிடுகின்றனர். தும்பியைப் பற்றிய விரல்களை இயக்கியது கொடுமையன்று, அறியும் வேட்கை. அதைத் தடுக்காமலே திசைதிருப்ப முடியும். நூலை அவிழ்த்து, தும்பியைக் குழந்தையின் திறந்த உள்ளங்கையில் ஒரு நொடி இருக்கச் செய்தால், அதன் கால்கள் தோலைப் பற்றுவதும் சிறகுகள் நடுங்குவதும் தெரியும். 'அதற்கு அச்சமாக இருக்கிறது' என்று அப்போது சொல்லப்படும் ஒரு தொடர் உள்ளே இறங்கும்.

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பிய மரபியல், தொடுவுணர்வையே முதலில் வைக்கிறது. புல்லுக்கும் மரத்துக்கும் உரிய ஓரறிவு அதுவே. அதன்மேல் சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என ஒவ்வொன்றாகக் கூடி, மனத்தோடு ஆறாகின்றன. இது உயிர்களின் பாகுபாடேயன்றிக் குழந்தை உளவியல் அன்று. வளர்ப்புமுறைக்கு அப்படியே பொருத்திவிட இயலாது. எனினும், எல்லா உயிர்க்கும் பொதுவானது தொடுவுணர்வு என்னும் கருத்து இங்கே எண்ணத்தக்கது. தும்பியும் குழந்தையும் சந்திக்கும் இடம் அதுதான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1880இல் பிறந்த ஹெலன் கெல்லர், 19 மாதக் குழந்தையாக இருந்தபோது நோயுற்றுப் பார்வையையும் கேட்கும் திறனையும் இழந்தார். 1887இல் ஆன் சல்லிவன் அவருக்கு ஆசிரியராக வந்தார். ஒருநாள், சொற்களைக் கற்பிக்க ஆசிரியர் மீண்டும் மீண்டும் முயன்றதால் பொறுமையிழந்த ஹெலன், புதிய பொம்மையைத் தரையில் அறைந்து உடைத்தார். அப்போது தமக்குச் சிறிதும் வருத்தம் தோன்றவில்லை என்று தம் தன்வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். பின்னர் ஆசிரியர் அவரை நீர் இறைக்கும் இடத்துக்கு அழைத்துச் சென்றார். ஒரு கையில் நீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே மறு கையில் அதன் பெயரை விரல் எழுத்துகளால் உணர்த்தினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்பது அக்கணத்தில் ஹெலனுக்கு விளங்கியது. வீட்டுக்குள் திரும்பியதும் உடைந்த பொம்மை நினைவுக்கு வந்தது. தடவித் தடவிச் சென்று, துண்டுகளை எடுத்து ஒன்றுசேர்க்க முயன்றார், இயலவில்லை. கண்கள் நிறைந்தன. செய்ததற்காக அவர் முதன்முதலில் வருந்தியது அன்றுதான். அப்போது அவருக்கு ஏழு வயது நிரம்பவில்லை.

தொடுதல் மட்டுமே போதுமாயின், பொம்மை உடைந்தபோதே வருத்தம் பிறந்திருக்க வேண்டும். சொல் மட்டுமே போதுமாயின், அதற்கு முந்தைய நாள்களில் கையில் எழுதப்பட்ட சொற்களே உள்ளத்தைத் திறந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கூடியபோதுதான் அது நிகழ்ந்தது. சொல்லை விலக்க வேண்டியதில்லை. அது புலனோடு சேர்ந்து வரவேண்டும்.

புலன்வழிக் கல்வி எப்போதும் அருளையே தரும் என்று மயங்கவும் கூடாது. வன்மையும் அதே வாயில்களின் வழியாகத்தான் நுழைகிறது. தூய்மைப் பணியாளர் தெருவில் வரும்போது பெற்றோர் மூக்கைப் பொத்தினால் குழந்தையும் பொத்துகிறது. வீட்டுவேலைக்கு வரும் அம்மையாருக்குத் தனிக் குவளையில் தேநீர் தரப்படுவதை அதன் கண் குறித்துக்கொள்கிறது. 'அவனைத் தொடாதே' என்பதன் காரணம் புரியாத வயதிலேயே அதன் கை பின்வாங்கப் பழகிவிடுகிறது. இந்திய அரசமைப்பின் சட்டப்பிரிவு 17 தீண்டாமையை ஒழித்துள்ளது. ஆனால், அச்சட்டத்தைப் படித்தறியும் வயது வரும் முன்பே குழந்தை குவளையைப் பார்த்துவிடுகிறது. அத்தகைய வீட்டில் எத்தனை நீதிக்கதைகள் சொல்லப்பட்டாலும் அது நம்புவது குவளையைத்தான்.

கனடாவின் டொராண்டோ நகரில் 1996இல் மேரி கார்டன் தொடங்கிய திட்டம் ஒன்றில், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தை தன் பெற்றோருடன் ஒரு கல்வியாண்டு முழுவதும் இடைவெளி விட்டு வகுப்பறைக்கு வருகிறது. அது ஏன் அழுகிறது, எதைக் கண்டு சிரிக்கிறது என்று மாணவர்கள் உற்றுநோக்கிப் பேசுகின்றனர். கூட்டுக்குடும்பங்கள் மிகுந்திருந்த காலத்தில் தமிழ்நாட்டில் இதற்கெனத் திட்டம் தேவைப்பட்டிராது. தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்தே பிள்ளைகள் வளர்ந்தனர். அச்சுமையால் பெண்பிள்ளைகள் பலரின் படிப்பு நின்றுபோனதும் உண்மை. அந்நாளைப் போற்றுவோர் அதை மறந்துவிடுகின்றனர்.

வீட்டில் இதற்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. கோடையில் மொட்டைமாடியில் பறவைகளுக்கு நீர் வைக்கும் பொறுப்பைக் குழந்தையிடமே விடலாம். பாட்டியின் காலுக்குத் தைலம் தேய்க்கும்போது, வீங்கிய மூட்டு எது, வலிக்கும் இடம் எது என்று அதன் விரல்களே கண்டறியட்டும். காய்ச்சலில் கிடக்கும் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஈரத்துணியை அதுவே பிழிந்து இடட்டும். சின்னஞ்சிறு கைகளால் துணி சரியாகப் பிழியப்படாமல் தலையணை நனையக்கூடும். நனைந்தால் நனையட்டும், தலையணையை வெயிலில் உலர்த்திக்கொள்ளலாம்.