அர்ச்சுனன் வரமாட்டான்

இடி இடித்தால் "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்று சொல்ல வேண்டும் என்பது நம் பாட்டிமார் கற்றுக்கொடுத்த பாடம். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அர்ச்சுனனுடைய பத்துப் பெயர்களையும் தாராளமாகச் சொல்லட்டும். எங்கே நின்றுகொண்டு சொல்வது என்பதில்தான் எனக்கும் என் உறவினர்களுக்கும் சண்டை.

ஒரு சித்திரை மாதம், தளவாய்புரத்திலிருந்து பன்னிரண்டு பேராக மலையடிவாரத் தோப்பு ஒன்றுக்குப் போயிருந்தோம். குலதெய்வத்துக்குப் பொங்கலிட்டு, இரவு அங்கேயே தங்கி, விடிந்ததும் திரும்புவதாக ஏற்பாடு. பெரிய புளியமரத்தின் கிளைகளில் தார்ப்பாயைக் கட்டி, கீழே ஜமக்காளம் விரித்தாயிற்று. மாலை நாலு மணிக்கு மேற்கே மலை கறுத்தது. பளிச்சென்று ஒரு வெட்டு. ஆறு எண்ணுவதற்குள் இடி கேட்டது.

"வேனுக்குள்ளே போயிடலாம், மாமா" என்றேன்.

"நீங்க ஒண்ணு, மாப்ளே! எங்க பாட்டன் காலத்திலேருந்து இந்த மரத்தடியிலதான் தங்குறோம். மரத்தை விட்டுட்டுத் தகரப் பெட்டிக்குள்ள போய் யாராவது உட்காருவாகளா?"

நல்ல வேளையாகக் குழந்தைகள் அழுதன. அவை நனையக் கூடாதே என்று மதினி வேனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். கதவைச் சாத்திக் கொஞ்ச நேரத்தில் காது அடைத்துப் போயிற்று. வெளியே பார்த்தால், புளியமரம் உச்சியிலிருந்து வேர்வரை பட்டை உரிந்து நிற்கிறது!

"குலதெய்வம் காப்பாத்திருச்சு" என்று கும்பிட்டார் மாமா.

இந்த வார்த்தையோடுதான் என் வழக்கு. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. அவர்களுக்கெல்லாம் குலதெய்வம் இல்லையா? 2021 ஜூலையில் ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்கு அருகே காவல் கோபுரத்தில் ஏறி மழையை ரசித்த கூட்டத்தில் 11 பேர் மாண்டார்களே, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பாவமும் இல்லை, விதியும் இல்லை. நிற்கக் கூடாத இடத்தில் நின்றார்கள், அவ்வளவுதான்.

மின்னல் பெரும்பாலும் உயர்ந்து நிற்பதைத் தேடி இறங்குகிறது. மரத்தில் இறங்கினால் அதோடு நின்றுவிடுவதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் மேல் தாவுகிறது. மண் வழியாகவும் பரவுகிறது. நாலு காலையும் அகல வைத்து நிற்கும் மாடுகள் மரத்தடியில் கூட்டமாகச் சாவது இதனால்தான். மாமா ஏளனம் செய்த தகரப் பெட்டியோ மின்சாரத்தைத் தன் வெளிப்புறமாகவே கடத்தித் தரையில் இறக்கிவிடும். ஜன்னலை மூடி, உள்ளே இரும்பைத் தொடாமல் உட்கார்ந்தால் போதும்.

இதற்குப் பெரிய படிப்பும் வேண்டியதில்லை. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும். மின்னியபின் ஆறு எண்ணுமுன் இடி கேட்டால் ஆபத்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிற்கிறது. முப்பது எண்ணுமுன் கேட்டாலே கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழியும்வரை வெளியே வரக் கூடாது.

இன்னொரு கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். இடி விழுந்தவனைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறார்களே, அது சுத்தப் பொய். அவன் உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதி, 108-க்குச் சொல்ல வேண்டும். பிழைக்கக் கூடிய ஒருவனைப் பயத்தினால் சாகவிட்டு, "விதி முடிந்தது" என்று சொல்வதைவிடப் பெரிய பாவம் எது?

பொங்கல் வையுங்கள், தோப்பில் தங்குங்கள். ஆனால் வானம் கறுத்தால் மரத்தை விட்டு எழுந்திருங்கள். தெய்வம் நமக்குக் காலைக் கொடுத்தது மரத்தடியில் நின்று அர்ச்சுனனைக் கூப்பிடுவதற்காக அல்ல.