கிற்றாரின் தோலை உரிக்காதீர்கள்

கலியாணம் நெருங்கினால் கதவு, அலுமாரி, கதிரை எல்லாவற்றுக்கும் வார்னிஷ் அடிப்பது திருகோணமலையில் வழக்கம். அந்த வரிசையில் வீட்டுப் பழைய கிற்றாரையும் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்தால் சத்தமும் புதிதாகிவிடுமாம். டொக்யாட் வீதியிலிருந்து பாலையூற்று வரை, நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள்கூட இதை நம்புகிறார்கள். முழுப் பிழை.

என் மாமாவின் கிற்றார் அப்படித்தான் அழிந்தது. தளபாடம் மினுக்கும் ஒரு கடையில் கொடுத்தார். இயந்திரத்தால் தேய்த்து, பொலியூரித்தேனைத் தடிப்பாக மூன்று தரம் அடித்து, முகம் பார்க்கலாம் என்ற அளவுக்குப் பளபளப்பாக்கித் தந்தார்கள். ஒலித்துளைக்குக் கீழே அவருடைய விரல்கள் முப்பது வருஷம் பட்டு வெளிறிய ஒரு தடம் இருந்தது. அது போய்விட்டது. மாமா ‘ஜி’ கோட் பிடித்துத் தட்டினார். முன்பெல்லாம் முற்றம் வரை கேட்டு மெல்ல மெல்ல ஓயும் சத்தம், எழும்பிய இடத்திலேயே அடங்கியது. ஒன்றும் பேசாமல் பெட்டிக்குள் வைத்து மூடினார். அடுத்த மாரிக்குள், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பின்பக்கம் பலகை வயிறு தள்ளிவிட்டது.

கிற்றாரின் முகப்பலகை ஏறத்தாழ 3 மில்லிமீற்றர்தான். ஆறு உருக்குத் தந்திகளும் சேர்ந்து அதை 70 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அதிரவும் வேண்டும், தாங்கவும் வேண்டும் என்று கணக்குப் பார்த்து இழைத்த பலகை அது. அரை மில்லிமீற்றர் தேய்த்தால் ஆறில் ஒரு பங்கு போயிற்று. மலிவான கிற்றார்களின் கதி இன்னும் மோசம்: ஒட்டுப்பலகையின் மேலடுக்கு கடதாசி போல மெல்லியது, கொஞ்சம் தேய்த்தாலே அடியிலுள்ளது பல்லிளிக்கும். அதற்கு மேலே தடித்த பூச்சும் ஏறினால், மிச்சமிருக்கிற அதிர்வையும் அது அமுக்கிவிடும்.

“கடற்காற்றுக்கு வார்னிஷ்தானே காவல்?” என்பார்கள். ஒலித்துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வெறும் மரம். கிற்றார் செய்பவர்கள் உட்புறத்துக்குப் பெரும்பாலும் பூச்சே அடிப்பதில்லை. வாடைக்காலத்து ஈரம் அந்தத் துளை வழியாகவே உள்ளே போய் மரத்தில் ஊறுகிறது. வெளியே எத்தனை தரம் அடித்துத்தான் என்ன?

பழைய கிற்றாரில் இருப்பது அரக்குப் பூச்சோ நைட்ரோசெலுலோஸோ என்றால் உரிக்கவே தேவையில்லை. அதே வகைப் புதுப் பூச்சு பழையதை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். இளகி ஒட்டினால் அரக்கு. கைதேர்ந்தவர் வெடித்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்வார். யாரோ எனாமல் பெயின்ற் அடித்துக் கெடுத்து வைத்திருந்தாலொழிய, முழுதாக உரிக்க ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

பறங்கியர் கலியாணங்களில் வயலினோடு சேர்ந்து கப்பிரிஞ்ஞா ஆட்டத்துக்கு வாசித்த கிற்றார்கள் இந்த ஊரில் உண்டு. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் மெல்லிய துணியால் தூசைத் துடையுங்கள், துருப்பிடித்த தந்தியை மாற்றுங்கள், மாரியில் பெட்டிக்குள் வையுங்கள். சாண்ட் பேப்பரை அலுமாரியோடு நிறுத்துங்கள்.