'பேக் கம்ப்ரஷன்' என்னும் ஒற்றைச் சொல்

ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினின் எண்ணெய் மூடியை மெக்கானிக் திறக்கிறார். துளையின் மேல் உள்ளங்கையை வைக்கிறார். காற்று கையைத் தள்ளுகிறது. லேசாகப் புகையும் எழுகிறது. "பேக் கம்ப்ரஷன் வந்துடுச்சு" என்கிறார். கோவையிலும் சென்னையிலும் மட்டுமன்று, புணேயிலும் தில்லியிலும் இதே சடங்குதான்; இந்தி பேசும் மெக்கானிக்கின் வாயிலிருந்தும் இதே சொல்தான் வரும். பழைய கார் வாங்க வந்தவர் அதைக் கேட்டதும் விலையைப் பெருமளவு குறைத்துக் கேட்கிறார், அல்லது திரும்பிப் போய்விடுகிறார். சொந்தக் காருடன் வந்தவரோ என்ஜினை இறக்கச் சம்மதித்துவிடுகிறார்.

ஒரு கோளாறின் பெயருக்குள்ளேயே அதன் காரணமும் பொதிந்திருந்தால், சோதனை தேவையற்றதாகத் தோன்றிவிடும். 'பேக் கம்ப்ரஷன்' அத்தகைய சொல். சிலிண்டருக்குள் நிற்க வேண்டிய அழுத்தம் பின்பக்கமாகத் திரும்பிவிட்டது என்று அது சொல்வதால், கேட்பவரின் மனம் நேரே பிஸ்டன் ரிங்குகளிடம் போய் நிற்கிறது. ஆனால் உள்ளங்கை உணர்ந்தது அதுவன்று. கிராங்க் அறையில் அழுத்தம் இருக்கிறது என்பதை மட்டுமே அது உணர்ந்தது. ஓர் அறையின் அழுத்தம் உள்ளே வரும் வாயுவின் அளவையும் வெளியேறும் வழியின் நிலையையும் பொறுத்தது. இச்சொல்லில் வரவுக்கணக்கு மட்டும் இருக்கிறது, செலவுக்கணக்கு இல்லை.

பணிமனைத் தமிழை ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. 'ஆயில் குடிக்குது', 'ஆயில் அடிக்குது' என்னும் தொடர்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது எண்ணெய் குறைவதைச் சொல்கிறது, இரண்டாவது எண்ணெய் தெறிப்பதைச் சொல்கிறது. கண்டதைச் சொல்லி அவை அத்தோடு நின்றுகொள்கின்றன. ஏன் என்ற கேள்விக்கு இடம் மிஞ்சுகிறது. 'பேக் கம்ப்ரஷன்' அந்த இடத்தை அடைத்துவிடுகிறது.

டர்போ பெட்ரோல் கார்களை ரீமேப் செய்து ஆற்றலைக் கூட்டும் ஆர்வம் இந்திய நகரங்களில் பரவியபின், இந்த அடைப்பின் விலை ஏறியிருக்கிறது. எந்த என்ஜினிலும் எரிவாயுவில் ஒரு சிறு பகுதி ரிங்குகளைக் கடந்து கிராங்க் அறைக்குள் இறங்கத்தான் செய்யும். புத்தம் புதிய என்ஜினும் இதற்கு விலக்கன்று. அந்த வாயுவுக்கு டர்போ காரில் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. ஐட்லிங்கிலும் மெதுவான ஓட்டத்திலும் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் நிலவும், அப்போது பி.சி.வி. வால்வு வழியே வாயு மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சப்படும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி டர்போ வேகமெடுத்ததும் அதே மேனிஃபோல்டு அழுத்தத்தில் நிறைகிறது. இப்போது அந்த வால்வு இறுக மூடிக்கொள்ள வேண்டும். வாயு மற்றொரு குழாய் வழியே, டர்போவின் வாய்க்கு முன்னால் காற்று இழுக்கப்படும் இடத்துக்குச் செல்ல வேண்டும். ஒரே பயணத்தில் நூறு முறை இந்த வழிமாற்றம் நிகழ்கிறது.

வால்வு இறுக மூடவில்லை என்றால் டர்போ தள்ளும் காற்றே கிராங்க் அறைக்குள் புகுந்துவிடும். டிப்ஸ்டிக் துள்ளி மேலே வரும், வால்வு கவர் விளிம்பில் எண்ணெய் கசியும், சீல்கள் ஈரமாகும். ரிங்குகள் முற்றிலும் நலமாக இருக்கும் என்ஜினில், உடைந்த ரிங்குக்குரிய அடையாளங்கள் அனைத்தும் தென்படும். டர்போ இல்லாத காருக்குரிய வால்வு பார்வைக்கு ஒரேமாதிரி இருக்கிறதென்று மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தாலும் இதுவே நேரும். பூஸ்ட் அழுத்தத்தைத் தாங்கி நிற்க அது செய்யப்பட்டதன்று. சில ஆயிரம் ரூபாயில் தீர வேண்டியது இங்கே என்ஜினை இறக்கும் வேலையாகி லட்சங்களை விழுங்கிவிடுகிறது. வால்வைக் கழற்றித் துடைத்து இரு புறமும் ஊதிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் பெயர் வைத்து முடிந்தபின் யார் ஊதிப் பார்க்கிறார்கள்?

டர்போ தானும் இதே அநீதிக்கு இலக்காகிறது. அதன் அச்சுக்குச் செல்லும் எண்ணெய், அழுத்தம் ஏதுமின்றி, தன் எடையால் மட்டுமே சம்ப்புக்குத் திரும்புகிறது. கிராங்க் அறையில் அழுத்தம் ஏறினால் அந்த வடிகால் திணறும். தேங்கிய எண்ணெய் டர்போவின் இரு முனைகளிலும் வெளியேறும். இன்டர்கூலரில் எண்ணெய், சைலன்சரில் நீலப்புகை. 'டர்போ போச்சு' என்று புதியது வாங்கிப் பொருத்துகிறார்கள். சில வாரங்களில் அதுவும் எண்ணெய் கக்குகிறது.

ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். போன்றவற்றில் உள்ள 2 லிட்டர் டி.எஸ்.ஐ. என்ஜினில் கதை தலைகீழாகவும் நடக்கும். அதன் பி.சி.வி. தொகுதிக்குள் அழுத்தத்தைச் சீர்படுத்தும் மெல்லிய ரப்பர்ச் சவ்வு ஒன்று உண்டு. அது கிழிவது இந்த என்ஜினின் பேர்பெற்ற கோளாறு. அப்போது ஐட்லிங் தடுமாறும், எங்கோ விசிலடிப்பதுபோல் ஒலி கேட்கும், ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறக்கவே கடினமாக இருக்கும். உள்ளே மிகுந்திருப்பது வெற்றிடம். நாளடைவில் ரியர் மெயின் சீல் கெட்டு எண்ணெய் ஒழுகத் தொடங்கும். ஒழுகலைக் கண்டவர் இதற்கும் அதே பெயரைத்தான் சூட்டுகிறார்.

உள்ளங்கைச் சோதனை ஐட்லிங்கில், எந்தச் சுமையும் இல்லாத நிலையில் நடக்கிறது. அத்துடன் மூடியைத் திறந்தவுடன், சோதிக்கப்பட வேண்டிய காற்றோட்ட அமைப்பே குலைந்துவிடுகிறது. ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்ட என்ஜின்களில், வெப்பத்தில் கூடுதலாக விரியும் உலோகக் கலவைக்கென்று இடைவெளியைச் சற்றுத் தாராளமாகவே விடுவார்கள். குளிர்ந்த நிலையில் அவை புஸ்ஸென்று ஊதுவது இயல்பு. பெரும் பணம் செலவிட்டு, முறையாகக் கட்டப்பட்ட என்ஜினை இந்தச் சோதனை காலையில் குற்றவாளியாக்கும். ஒரு மணி நேரம் ஓட்டிவந்து வைத்தால் விடுதலையும் செய்யும்.

இதற்கெல்லாம் தீர்வாக விற்கப்படுவது கேட்ச் கேன். பந்தயத் தடத்தில் எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவார் என்பதால், தெறிக்கும் எண்ணெயைப் பிடித்து வைக்கப் பந்தய உலகம் வைத்த பாத்திரம் அது. தெருக் காரில் அதன் பணி வேறு. எண்ணெய் ஆவி இன்டர்கூலரிலும் வால்வுகளிலும் படியாமல் தடுப்பதும், அந்த ஆவி பெட்ரோலின் ஆக்டேன் வலுவைக் குறைத்து நாக்கிங்கைத் தூண்டாமல் காப்பதும் அதனிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின்களில் வால்வுகளைக் கழுவ எரிபொருள் வருவதில்லை என்பதால் இது நியாயமான எதிர்பார்ப்பே. ஆனால் சந்தையில் பளபளக்கும் கேன்களில் பல, உள்ளே தடுப்புத் தகடோ கம்பி வலையோ இல்லாத வெற்று டப்பாக்கள். ஆவி ஒரு வாயில் நுழைந்து மறுவாயில் போய்விடும். அதைவிடக் கேடு, அவற்றுடன் வரும் ஒல்லிக் குழாய். 19 மி.மீ. உள்விட்டமுள்ள மூலக்குழாய்க்குப் பதில் 9 மி.மீ. குழாயை மாட்டினால் வாயு செல்லும் பரப்பு நாலரை மடங்கு சுருங்குகிறது. அழுத்தத்தைக் குறைக்க வாங்கிய பொருளே அழுத்தத்தை ஏற்றுகிறது.

கேட்ச் கேனுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. விற்பவர் அதைச் சொல்வதில்லை. அது ஓர் அளவுக் கோப்பை. ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு சேர்கிறது என்று குறித்து வந்தால் என்ஜினின் போக்கு தெரியும். குறுகிய பயணங்களில், மழை, குளிர் நாட்களில் அதில் பால்போன்ற குழம்பு தேங்குவதைக் கண்டு ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று அலற வேண்டியதில்லை. எரிதலில் உண்டாகும் நீராவி எண்ணெயோடு கலந்து அவ்வாறு திரளும். கூலன்ட் குறைகிறதா என்று பார்த்துவிட்டுக் கவலைப்படலாம்.

குழாயைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டு வாயுவைச் சாலையில் விடுவோரும் உண்டு. 'ரேஸ் காரில் அப்படித்தான்' என்பது அவர்கள் வாதம். ஒரு காலத்தில் எல்லாக் கார்களிலும் அப்படித்தான் இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் புகைமூட்டத்தில் திணறியபோதுதான் கிராங்க் அறை வாயுவின் மேல் கவனம் விழுந்தது; 1961 மாடல் கார்களிலிருந்து கலிஃபோர்னியாவில் பி.சி.வி. வந்தது. அதாவது எரியாத பெட்ரோல் ஆவியை மீண்டும் எரிக்கும் இந்த அமைப்பு, காருக்காக மட்டுமின்றிச் சாலையில் நிற்பவரின் நுரையீரலுக்காகவும் வைக்கப்பட்டது. இந்தியாவின் பாரத் ஸ்டேஜ் விதிகளும் இவ்வாயுவை வெளியே விட அனுமதிப்பதில்லை. எனினும் மாசுச் சான்றிதழுக்கான சோதனையில் கருவியை சைலன்சர் வாயில்தான் செருகுகிறார்கள். பானெட்டுக்கு அடியில் தொங்கும் குழாயை அது அறியாது. சிக்னலில் அந்தக் காருக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரில் குழந்தையோடு நிற்பவர் அறிவார். தவிர, உறிஞ்சும் விசை நின்றுபோவதால் ஈரமும் பெட்ரோலும் என்ஜினுக்குள்ளேயே தங்கி எண்ணெயைக் கெடுக்கும். உரிமையாளருக்கும் இதில் இலாபமில்லை.

அளந்து பார்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆவதில்லை. வேறொரு பழைய எண்ணெய் மூடியில் துளையிட்டு, குழாய் பொருத்தி, ஓர் அழுத்த உணரியை இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். ஐட்லிங்கிற்கு மட்டுமென்றால் நீர் நிரப்பிய வளைந்த கண்ணாடிக் குழாயே போதும், 10 செ.மீ. நீர்மட்ட வேறுபாடு ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல். ஐட்லிங்கில் சிறிது வெற்றிடம் காட்டி, பூஸ்ட் ஏறும்போது மட்டும் எண் திடீரெனத் துள்ளினால் வால்வையும், பூஸ்ட் நேரத்தில் வாயு வெளியேற வேண்டிய குழாயையும் முதலில் சந்தேகிக்க வேண்டும். சம்ப்பில் எண்ணெய் அளவுக்கு மீறி ஊற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். நம்ப இயலாத அளவுக்கு இது வழக்கமான தவறு.

அவை யாவும் சரியாக இருந்தபின்னரே லீக்-டவுன் சோதனைக்கு வேளை வருகிறது. பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் அழுத்தக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு கசிகிறது, எங்கே சீறுகிறது என்று கேட்க வேண்டும். மூன்று சிலிண்டர்கள் ஒத்திருக்க, நான்காவதில் மட்டும் அளவு சரிந்து, எண்ணெய் மூடித் துளையில் சீற்றம் கேட்டால், மிகையான ரீமேப்பில் நாக்கிங் தாங்காமல் அந்தப் பிஸ்டனின் ரிங் பள்ளத்து விளிம்பு உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காருக்கு 'பேக் கம்ப்ரஷன்' என்பது பொருந்தும். அந்த என்ஜினை இறக்கத்தான் வேண்டும்.