குழாய் வழியே கேழ்வரகுக் கஞ்சி! குழந்தையின் வயிறு ஏற்குமா?

தருமபுரிக்காரருக்குக் கேழ்வரகு புதிது அல்ல. களி, கூழ், அடை எல்லாம் அதில்தான். 2023-ம் ஆண்டில் அரசே அதை ரேஷன் கடைக்குக் கொண்டு வந்தது. நீலகிரி, தருமபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது.

விழுங்கத் தெரிந்த பிள்ளை களியைச் சாப்பிட்டுவிடும். விழுங்கவே முடியாத பிள்ளை?

அப்படியும் குழந்தைகள் இருக்கிறார்கள். பிறக்கும்போதே மூளை பாதிக்கப்பட்டவர்கள். உடல் வற்றி, குடிக்கவும் தெம்பு இல்லாதவர்கள். இவர்களுக்கு டாக்டர்கள் மூக்கு வழியாக மெல்லிய குழாயை இரைப்பைக்குள் விடுகிறார்கள். நீண்ட காலம் வேண்டுமானால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைப்பார்கள்.

அந்தக் குழாயில் எதை ஊற்றுவது? கடையில் டப்பா மாவு கிடைக்கிறது. கூலி வேலை செய்யும் குடும்பம் அதை மாதம் தவறாமல் வாங்க முடியுமா? வீட்டு உணவைக் கொடுத்தால் வயிறு தாங்குமா? தாய்மார்களின் பயம் இதுதான்.

33 குழந்தைகள்

அமெரிக்காவில் சின்சினாட்டி நகர டாக்டர்கள் 2011-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வயிற்றில் ஆபரேஷன் நடந்த பிறகு ஓயாமல் குமட்டி ஓங்கரித்த 33 குழந்தைகளுக்கு, சாதாரண உணவை நைசாக அரைத்துக் குழாயில் கொடுத்தார்கள். 24 பேருக்கு ஓங்கரிப்பு பாதியோ அதற்கு மேலோ குறைந்தது. ஒருவருக்குக்கூட அதிகமாகவில்லை!

ஆனால் அவை வயிற்றில் வைத்த குழாய்கள். மூக்குக் குழாயோ மெல்லியது. அரைத்த சோறு அதில் அடைத்துக்கொள்ளும்.

கெட்டியா, தண்ணீரா?

இங்கேதான் சிக்கல். கஞ்சி கெட்டியாக இருந்தால் குழாயில் இறங்காது. தண்ணீர் விட்டுக் கரைத்தால் இறங்கும். ஆனால் வயிறு தண்ணீரால் நிரம்பும். பிள்ளை இளைத்துப் போகும்.

இதற்கு வழி நம் பாட்டிமார் கையில் இருந்தது. ஆம், முளைகட்டிய கேழ்வரகு! தானியம் முளைவிடும்போது அதில் மாவுச்சத்தை உடைக்கும் ஒரு பொருள் உண்டாகிறது. முளைத்ததை வெயிலில் காயவைத்து, முளையைத் தேய்த்து நீக்கி, லேசாக வறுத்து அரைக்க வேண்டும். அடுப்பில் கருக விட்டால் அந்தச் சக்தி போய்விடும். சூடான கெட்டிக் கஞ்சியில் இந்த மாவு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினால், சில நிமிடங்களில் கஞ்சி இளகி ஓடும். சத்து குறைவதில்லை. பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் தானியத்தை ஒதுக்கவில்லை. உடல் வற்றிய குழந்தைக்கு முதலில் கொடுக்கும் பாலில், சர்க்கரையைக் குறைத்துத் தானிய மாவு சேர்க்கும் முறையைச் சொல்கிறது. சர்க்கரை மிகுந்தால் குடலுக்குள் நீர் இழுத்துப் பேதியாகும்.

கெடுப்பது எது?

பல நேரங்களில் பேதிக்குக் காரணம் கேழ்வரகு அல்ல. ஆறிப் போய்க் கிடந்த கஞ்சி, கழுவாத குழாய், அவசரம்! 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த கஞ்சியைக் கொட்டிவிட வேண்டும். தலைப்பக்கம் உயர்த்தி, மெதுவாக ஊற்ற வேண்டும். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்கும் விதத்தை நர்ஸிடம் கற்றுக்கொள்ளாமல் யாரும் ஊற்றக் கூடாது. 6 மாதம் நிறையாத குழந்தைக்குக் கஞ்சியே கிடையாது, குழாயிலும் தாய்ப்பால்தான்.

கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். ஆனாலும் அது மட்டும் போதாது. பால், பருப்பு, எண்ணெய் சேர வேண்டும். எவ்வளவு என்பது குழந்தையின் எடையைப் பொறுத்தது.

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊரில் கேழ்வரகும் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஒரு துண்டுச் சீட்டு. எத்தனை கரண்டி மாவு, எத்தனை டம்ளர் பால், எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று தமிழில் எழுதி, ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் தாயின் கையில் அதைக் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், அங்கேயே ஒரு தடவை கஞ்சி காய்ச்சிக் காட்டி அனுப்ப வேண்டும்.