தாதியர் மேற்கல்வியும் நம் கடமையும்

நம் கல்லூரி அன்னை விழாக் காணும் இவ்வேளையில், அவள் ஈன்ற மருத்துவர், பொறியியலாளர், நியாயவாதிகள் ஆகியோரை நாம் பெருமையுடன் எண்ணிப் பார்க்கின்றோம். அது தக்கதே. ஆயினும், அம்மருத்துவர் எழுதிய மருந்தை வேளை தவறாது ஊட்டி, இரவெல்லாம் நோயாளியின் அருகே விழித்திருக்கும் தாதியரைப் பற்றி விழா மலர்கள் பேசுவது அரிது. ஊவா மலைச்சரிவிலே, கொஸ்லந்தையிலிருந்து எழுதும் நாம், அவர்தம் மேற்கல்வி குறித்துச் சில கூற விழைகின்றோம்.

வள்ளுவப் பெருந்தகை, மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிபுரியும் உழைச்செல்வான் என்பன அவை. உரை கண்ட பரிமேலழகரோ, அந்நான்காமவனுக்கு அன்பும் தூய்மையும் அமைந்தாற் போதுமென விட்டாரல்லர். அறிவுடைமையையும் உடன் வைத்தார். "தாதிக்குக் கருணை போதுமே, பட்டம் எதற்கு?" என வினவுவார்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

மருத்துவர் காலையும் மாலையும் வந்து பார்த்துச் செல்வார். நள்ளிரவில் மூச்சு மாறுவதையும் நாடி தளர்வதையும் முதலிற் காண்பவர் தாதியே. அக்காட்சியின் பொருளை உணர்ந்து உரிய வேளையில் மருத்துவரை அழைப்பதில் ஓருயிர் தங்கியிருக்கின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கருவிகள், நீரிழிவு, சிறுநீரக நோய், மனநலம் என இன்று பணி விரிந்துகொண்டே செல்கின்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் கற்ற கல்வி, இன்றைய நோயாளிக்கு முற்றும் போதுமென்று எவரும் துணிந்து கூறார்.

இதற்கு வழி இல்லாமலில்லை. அரசினர் தாதியர் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பயிற்சி பெற்றோர் பணியில் இருந்தவாறே பட்டம் பெறுவதற்கென, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 இல் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு தாதியியற் கற்கைநெறியைத் தொடக்கியது. பதுளையிலும் தாதியர் கல்லூரி உண்டு. கதவு திறந்தே இருக்கின்றது, வாயிற்படிதான் உயரமாயிருக்கின்றது.

அப்படிகள் மூன்று. முதலாவது, பொழுது. பகற்கடமையும் இரவுக்கடமையும் மாறிமாறி வரும் ஒருவர், வீட்டில் குழந்தையையும் பார்த்துக்கொண்டு எப்போது நூலைத் திறப்பது? இரண்டாவது, பணம். கற்கைக் கட்டணத்தோடு, மலைப்பாதையில் பஸ் ஏறி வகுப்புக்கும் பரீட்சைக்கும் செல்லும் செலவும் உண்டு. மூன்றாவது, ஆங்கிலம். பட்டக் கல்வி ஆங்கிலத்திலேயே நடக்கின்றது. தோட்டப் பாடசாலையில் தமிழிற் கற்று முன்னேறிய பெண்ணை இதுவே பெரிதும் மலைக்கச் செய்கின்றது.

தமிழாசிரியர் ஆங்கிலத்துக்குப் பரிந்து பேசுவதோ என நகைப்பார் உளராகலாம். மானிப்பாயிலே சாமுவேல் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். ஆதலின் தமிழால் இயலாதென்பது நம் கருத்தன்று. தாதி தம் அறிவை எம்மொழியிற் பெறினும், அதனை நோயாளிக்குத் தமிழிலேயே வழங்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, உற்றாரை இழந்து நின்றோர்க்கு வேண்டியிருந்தது மருந்து மட்டுமன்று. அவர்தம் மொழியறிந்து உள்ளத்தைத் தேற்றுவாரும் வேண்டியிருந்தனர். அத்தேற்றுதலும் கற்றுத் தேர வேண்டிய ஒரு துறையே.

ஆசிரியருலகைச் சற்றே நோக்குவோம். 1970களின் பிற்பகுதி தொடக்கம் தோட்டப் பாடசாலைகள் அரசின்கீழ் வந்தபின், மலையக இளைஞரும் யுவதிகளும் குறைந்த தகைமையோடு ஆசிரியராயினர். அவர்களை அவ்வாறே விட்டுவிடவில்லை. பயிற்சிக் கலாசாலைகள் வாயிலாகவும் தொலைக்கல்வி வாயிலாகவும் பணியிலிருந்தபடியே உயர்த்தினர். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் எழுந்தது. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்ற நாம், அதன் பயனை வகுப்பறையில் நாள்தோறும் காண்கின்றோம். ஆசிரியர்க்குப் பொருந்திய நியாயம் தாதியர்க்குப் பொருந்தாதோ?

பட்டம் பெற்றால் பிறநாடு சென்றுவிடுவர் என்பது ஓர் ஆட்சேபம். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பலர் சென்றது மெய்யே. ஆனால், கல்வியை மறுத்து ஒருவரை நிறுத்தி வைத்தல் அறமாகாது. அது நிலைப்பதும் இல்லை. கற்றவர்க்கு அக்கல்விக்கேற்ற பதவியும் மதிப்பும் இங்கேயே கிடைக்குமாயின், தம் ஊரையும் உறவையும் விட்டுச் செல்ல விழைவோர் குறைவர். மேலும், வெளியூரிலிருந்து மலைக்கு வருவோர் இடமாற்றம் வேண்டி நிற்பதுண்டு. மலையிற் பிறந்தவரோ அங்கேயே வேர் கொண்டவர். அவரை உயர்த்துதலே நிலைத்த பயன் தரும்.

ஆதலால் பழைய மாணவர் சங்கத்தார்முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். விழா நிதியில் ஒரு பகுதியை, மலையக வைத்தியசாலைகளிற் பணிபுரியும் தாதியரின் கற்கைக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் ஒதுக்குக. ஆங்கிலம் வல்ல பழைய மாணவர், ஓய்வுபெற்றோர் உட்பட, வாரம் இரு மணி நேரமேனும் அவர்க்குக் கற்பிக்க முன்வருக. இணைய வழி இருத்தலால் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோரும் இதற்கு விலக்கல்லர். சுகாதாரத் துறையில் உயர்பதவி வகிப்போர், பரீட்சைக் காலத்திலேனும் கடமை முறையைத் தளர்த்தவும் கற்கை விடுமுறை வழங்கவும் பரிந்து பேசுக.

இன்று இக்கல்லூரியிற் பயிலும் மாணவர்க்கும் ஒரு சொல். வைத்தியசாலையில் உங்கள் தாயாரின் கட்டிலருகே நிற்பவரை ஏவலராக எண்ணற்க. அவர் உங்களைப் போலவே ஒரு பரீட்சைக்கு ஆயத்தம் செய்பவராகவும் இருக்கலாம்.

விழாவின் நினைவாகக் கல்லிற் பெயர் பொறித்தல் வழக்கம். அதனை வேண்டாமென்னோம். ஆயின் அதே செலவில் பத்துத் தாதியர் பட்டம் பெறுவராயின், அவர் கைபட்டு நலம் பெறும் குடும்பங்கள் தோறும் நம் கல்லூரியின் பெயர் வாழும். சங்கத்தார் ஆவன செய்வாராக.