உப்பும் நீரோட்டமும்

மழைக்காலம் தணிந்து அரையாண்டு விடுமுறை நெருங்கும்போது, பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற பேச்சு நம் இல்லங்களில் எழுவது இயல்பே. ஏலகிரியின் புங்கனூர் ஏரியில் படகேறி மகிழ்ந்த குடும்பங்கள் நம்மில் பல உண்டு. இம்முறை வேளாங்கண்ணிக்குச் செல்வோர், வழியில் சிதம்பரத்தினின்று கிழக்கே திரும்பிப் பிச்சாவரத்தையும் கண்டு வருமாறு வேண்டுகிறோம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கடலோரம் அமைந்த அலையாத்திக் காடு அது. 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே இயந்திரப் படகைவிடத் துடுப்புப் படகே நன்று. குறுகிய கழிகளுக்குள் அதுவே நுழையும், பறவைகளையும் வெருட்டாது. சுரபுன்னை மரங்கள் விழுதுபோன்ற வேர்களைச் சேற்றில் ஊன்றி நிற்கும். காற்றுப் புகாத சேற்றினின்று வேறு சில மரங்களின் வேர்கள் மேலெழுந்து மூச்சு விடும். வேர்களிடையே நண்டுகள் ஊரும். சேற்றில் சிறு மீன்கள் தத்தித் தாவும். கொக்கும் மீன்கொத்தியும் நீர்க்காகமும் அங்கே காணலாம். வடக்கின் குளிருக்குத் தப்பிய உள்ளான்கள் கார்த்திகை, மார்கழியில் வந்து இரை தேடும். காலையில் செல்லுங்கள். உரத்த பேச்சையும் பிளாஸ்டிக் பைகளையும் கரையிலேயே தவிர்த்துவிடுங்கள்.

இக்காடு என்றும் இவ்வாறே செழித்திருந்ததன்று. ஆங்கிலேயர் காலந்தொட்டு மரங்கள் பகுதி பகுதியாக வெட்டப்பட்டன. வெட்டிய நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. புகுந்த கடல்நீர் வடியாமல் தேங்கி ஆவியாயிற்று, உப்பு மிகுந்தது, கன்றுகள் முளைக்கவில்லை. 1990-களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டின. கடல்நீர் ஏறி இறங்க வழி பிறந்தது, உப்பும் தணிந்தது, நட்ட கன்றுகள் தழைத்தன.

உப்பு என்றதும் நம் பாலாறு நினைவுக்கு வருகிறது. தோல் கெடாதிருக்க இடும் உப்பும், பதனிடும் இரசாயனங்களும் கழிவுநீரோடு சென்று நம் கிணறுகளைக் கெடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இயங்குகின்றன. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புக் கூற நேர்ந்தது.

பிச்சாவரத்துக்கு நாள்தோறும் கடல்நீர் வந்து போகிறது. நம் ஆற்றிலோ ஆண்டின் பெரும்பகுதி மணலே. 2021 நவம்பரில் வந்ததுபோன்ற வெள்ளம் என்றோ ஒருமுறைதான் வரும். கழுவ நீரில்லாத ஆற்றில் உப்பைச் சேரவிடாமையே வழி. தோல் தொழில் நம்மில் பலருக்குச் சோறிடுகிறது. அதனை வெறுத்துப் பயனில்லை. ஊறவைக்குமுன் தோலிலுள்ள உப்பை உதறியெடுத்தால், கழிவுநீரில் கலக்கும் உப்பு வெகுவாகக் குறையும். இதனை நன்கறிந்தவர்கள், அங்கே பணிபுரியும் நம் குடும்பத்தினரே. அவர்கள் இதனைத் தம் தொழிலகத்தில் எடுத்துரைக்கவேண்டும். கழிவுநீர் வாய்க்காலில் திறந்துவிடப்படக் கண்டால், கண்டும் காணாதவராய் நாம் கடந்து செல்லலாகாது.