சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, இது போதும்!

இந்த வசனத்தை எங்கள் பாடசாலைகளில் நாம் கேட்காத வருடமில்லை. நல்ல மேசை, கதிரை மேல் வகுப்புக்குப் போகும். கால் ஆடுகிறவை ஆரம்பப் பிரிவுக்கு வரும். அனுபவமுள்ள ஆசிரியர் சாதாரண தரத்துக்கு, நேற்று நியமனம் பெற்றவர் தரம் ஒன்றுக்கு. கேட்டால் அதே பதில்தான்.

இதற்கு மறுமொழியாக, அமெரிக்காவில் 1914இல் வரையப்பட்ட ஒரு சிறிய பாய்மரப் படகின் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பஸ்ஸார்ட்ஸ் பே என்றொரு குடா இருக்கிறது. கோடையில் பின்னேரமானால் தென்மேற்குக் காற்று பலமாக வீசும். ஆழம் குறைந்த இடமாதலால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். கோடை விடுமுறைக்கு அங்கே வரும் பெற்றோர் சிலர், தம் பிள்ளைகள் பாய் பிடிக்கப் பழக ஒரு படகு வேண்டுமென்று நதானியேல் ஹெரெஷோஃப் என்பவரிடம் போனார்கள்.

அவர் யாரென்று பாருங்கள். அமெரிக்கா கோப்பைப் போட்டியில் 1893 முதல் 1903 வரை வென்ற படகுகள் எல்லாமே அவர் வரைந்தவை. அப்போது வயது 66. "பிள்ளைகளின் படகுதானே" என்று ஓர் உதவியாளரிடம் தள்ளிவிட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பெரிய பந்தயப் படகுகளுக்குச் செய்வதைப் போலவே, உடலின் வடிவத்தை முதலில் தன் கையாலேயே மரத்தில் செதுக்கினார். அதிலிருந்து அளவெடுத்துத்தான் படகு பிறந்தது.

நீர்மட்டத்தில் அதன் நீளம் பன்னிரண்டரை அடி. அதனால் பெயரே 'ஹெரெஷோஃப் பன்னிரண்டரை' என்றாயிற்று. முழு நீளம் 16 அடிக்குக் கிட்ட. படகின் மொத்த எடையில் ஏறக்குறைய பாதி, அடியிலே கீலில் பொருத்திய ஈயம். எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்து கொள்ளும் பொம்மையின் அடியில் பாரம் இருக்குமே, அதே வேலைதான். காற்று அடித்தால் படகு சாயும், பிறகு தானாக நிமிரும். பாய் உயரம் குறைந்தது. உட்காரும் இடம் ஆழமானது, பிள்ளை படகின் மேலே அல்ல, உள்ளே இருக்கும்.

இங்கேதான் ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் அவர் பிள்ளையின் கையிலிருந்து எதையும் பறிக்கவில்லை. சுக்கான் உண்மையான சுக்கான், பாய் உண்மையான பாய். பிழையாகத் திருப்பினால் படகு சாய்ந்து காட்டும், நின்று காட்டும். ஆனால் அந்த ஒரு பிழைக்காகக் கவிழ்ந்துவிடாது. பிழை தெரிய வேண்டும், பிள்ளை தப்ப வேண்டும். நல்ல வகுப்பறைக்கும் இதைவிட வேறு இலக்கணம் உண்டா?

"அது காசுக்காரர் பிள்ளைகளின் படகு, எங்களுக்கு எதற்கு அந்தக் கதை?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், கேட்டவர்கள் வசதியானவர்கள். ஆனால் காசு கொடுத்தால் ஈயமும் பலகையும் வாங்கலாம். 66 வயது மேதையின் முழுக் கவனம் அந்தப் பட்டியலில் வராது. அவர் அதைத் தானாகக் கொடுத்தார். கவனம் கொடுக்க எந்தப் பாடசாலையும் ஏழை இல்லை.

பலன் என்ன? 1943 வரை அவருடைய பட்டறையிலிருந்தே 360க்கும் மேற்பட்ட படகுகள் வெளிவந்தன. பிறகு வேறு பட்டறைகளும் கட்டின. 1970களில் அதே வடிவம் ஃபைபர் கிளாஸிலும் வந்தது, இன்றும் ஓடுகிறது. பிள்ளைகளுக்கென்று செய்த படகை வளர்ந்தவர்கள் விடவில்லை, தாமே ஓட்டினார்கள், பந்தயமும் வைத்தார்கள். அவருடைய மிகப் பெரிய பந்தயப் படகு ரிலையன்ஸ் 1903இல் கோப்பையை வென்றது, ஏறக்குறைய பத்து வருடத்தில் உடைக்கப்பட்டுவிட்டது. குட்டிப் படகு நூறு வருடம் தாண்டிவிட்டது.

பெற்றோரே, சக ஆசிரியர்களே, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரேயொரு கேள்வி கேட்போம்: எங்களிடமுள்ள மிகச் சிறந்த ஆசிரியர் இந்த வருடம் எந்த வகுப்பில் இருக்கிறார்?

தரம் ஒன்று என்று பதில் வரும் பாடசாலையைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையில்லை.